கழுகின் சிறகில் ஒரு கட்டைவிரல்

நாணய ஏலப் புத்தகம் தபாலில் வந்த அன்று மார்லா சமையலறை மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஹார்லன் ஜோர்கென்சன் உறையைக் கிழித்துப் புத்தகத்தை வெளியே எடுத்தார். திறக்கவில்லை. பழைய செய்தித்தாள்களின் மேல் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். முன்பெல்லாம் அந்தப் புத்தகம் வரும் நாளில் டிராக்டர் தொழிற்சாலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே பழியாகக் கிடந்த மனிதர் அவர். இந்தத் தடவை அதில் அச்சாகியிருந்தவை அவருடைய சொந்த நாணயங்கள்.

வெள்ளி டாலர் சேர்ப்பவர்களிலேயே ஹார்லன் ஒரு தனி ஜாதி. நிறம் ஏறிய டாலர்தான் அவருக்கு வேண்டும். நம் வீட்டில் வெள்ளிக் கிண்ணம் கொஞ்சம் மங்கினால் போதும், விபூதியைப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. இவர்கள் அந்த மங்கலுக்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சடித்த டாலர்களை அரசாங்கம் துணிப்பைகளில் கட்டி நிலவறையில் போட்டு மறந்துவிட்டது. பைத்துணியைத் தொட்டுக்கொண்டு கிடந்த காசுகளின் ஒரு பக்கத்தில் மட்டும் வருடக்கணக்கில் நிறம் ஏறியது. பக்கத்துக் காசு மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்க, மறைக்காத இடத்தில் பிறை மாதிரி மஞ்சள், செம்பு, ஊதா, நீலம், பச்சை. வெறும் வெள்ளையாக இருந்தால் நாற்பது டாலருக்கு எந்தக் கடையிலும் கிடைக்கிற அதே காசு, பிறை மட்டும் நன்றாக விழுந்துவிட்டால் ஏலத்தில் ஆயிரத்துக்குப் போகும், இரண்டாயிரத்துக்கும் போகும். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. கையை விரித்து, விளக்கடியில் காசைச் சாய்த்து, "பாரேன்" என்பார்கள்.

மில்வாக்கியில் காசுக்கடை வைத்திருந்த ஸ்டான் விட்கோவ்ஸ்கி அப்படிப் பார்த்துச் சிரிக்கிற கட்சி. அவருக்குக் காசு என்றால் பளபளவென்று இருக்க வேண்டும். "துருவுக்குத் துட்டு குடுக்கிற ஒரே ஆள் நீதான்டா" என்று பார்க்கும்போதெல்லாம் ஹார்லனை வாருவார். ஆனால் பிறை விழுந்த காசு கடைக்கு எது வந்தாலும் முதல் போன் ஹார்லனுக்குத்தான் போகும்.

ஸ்டானுக்குக் காட்டாமல் ஹார்லன் ஒளித்துவைத்திருந்த காசு ஒன்று உண்டு. 1881-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. முன்பக்கம் பெண் முகம், அதன் கன்னத்தோரம் அருமையான பிறை. பின்பக்கம் சிறகை விரித்த கழுகு, துளி நிறம் ஏறாத வெள்ளை. வாங்கிவந்த புதிதில் அதை வெல்வெட் துணியில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது ஆறு வயது மகன் ட்ராய் வந்து, அப்பா திரும்புவதற்குள் அதைத் தூக்கிவிட்டான். ஓரத்தைப் பிடித்துத் தூக்கியிருந்தால் பரவாயில்லை. கட்டைவிரலைக் கழுகின் மேல் நன்றாக அழுத்திப் பிடித்துத் தூக்கினான். ஹார்லன் போட்ட சத்தத்தில் பையன் போய்க் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். இரவுச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை.

காசை உடனே அசிட்டோனில் அலசினார். துடைத்துவிட்ட மாதிரிதான் இருந்தது. இரண்டு குளிர்காலம் போன பிறகு கழுகின் சிறகில் லேசான பழுப்புக் கறை ஒன்று தலைகாட்டியது. விரலில் இருக்கும் எண்ணெய் வெள்ளியில் அப்படித்தான், மெதுவாக வேலை செய்யும். பிறகு அது கோடு கோடாகப் பிரிந்து ஊதாவாகத் தெளிந்து, ஒரு சின்னக் கட்டைவிரல் சுழி முழுசாக எழுந்து நின்றது. காசு சேர்ப்பவனுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளை. ஸ்டான் பார்த்தால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார். ஹார்லன் அதை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்த பிறகு ஒரு நாள் ட்ராயே அதைக் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் ஒவ்வொரு நன்றி நாள் விருந்திலும் வான்கோழி சாப்பிட்டு முடித்ததும், "அப்பா, என் கையெழுத்த எடு" என்பான். பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே தன் தடித்த கட்டைவிரலை அந்தச் சின்ன ரேகையின் மேல் வைத்துப் பார்ப்பான். மார்லா அவன் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்ப்பாள். "எப்படி இருந்தவன் எப்படி ஆயிட்டே" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

போன வருடம் பிப்ரவரியில் நெடுஞ்சாலைப் பனியில் ட்ராயின் கார் வழுக்கி லாரிக்கடியில் போயிற்று. இருபத்தைந்து வயது.

அன்றிலிருந்து ஹார்லனுக்கு எதுவும் மனதில் படவில்லை. மரத்துப்போய்விட்டார். சர்ச் பெண்கள் கொண்டுவந்த நூடுல்ஸையும் சீஸையும் சாப்பிட்டார், பாத்திரங்களைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். தன் வாசல் பனியை வாரியதோடு பக்கத்து வீட்டு வாசலையும் வாரினார். அழுகை மட்டும் வரவில்லை. வரும் வரும் என்று பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்று பார்த்தார். அதுவும் அலுத்துவிட்டது. அந்த வீட்டில் ட்ராய் என்ற பெயரை இருவருமே சொல்வதில்லை. இப்படித்தான் என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

கோடையில் ஒரு நாள் அலமாரியைத் திறந்தார். காசுகளைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தார். நிறம் நிறமாகத் தெரிந்தன, வேறொன்றும் இல்லை. மற்ற பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்காமல், அடித்தட்டு உட்பட, மொத்தமாக ஏலக்காரர்களுக்கு அனுப்பிவைத்தார்.

கை கழுவிவிட்டு ஹார்லன் திரும்பி வந்தபோது மார்லா உருளைக்கிழங்கை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹார்லன், எல்லாத்தையுமா அனுப்பிச்சே?"

"எல்லாத்தையும்தான்."

"ஒண்ணுகூட வச்சுக்கலையா?"

"வச்சுக்கிட்டு என்ன பண்றது."

அவள் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். ஈரக் கை பட்டுத் தாள் நனைந்திருந்தது. ஒரு காசின் முன்பக்கம் மட்டும் சின்னதாகப் படம் போட்டு, கீழே இரண்டு வரி: முன்புறம் கண்ணைக் கவரும் பிறை. பின்புறம் கழுகின் சிறகில் கட்டைவிரல் ரேகை; இக்குறையால் மதிப்பு முந்நூறு முதல் நானூறு டாலர் வரை.

"குறையாம்" என்றாள் மார்லா.

அவள் கத்தியை எடுத்தாள், ஒரு கிழங்கைப் பாதி உரித்தாள், கீழே வைத்தாள்.

"எனக்கு அது வேணும்" என்றாள்.

பிள்ளை போனதிலிருந்து அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சவப்பெட்டிக்கு என்ன மரம் என்று கேட்டபோதுகூட உன் இஷ்டம் என்று சொன்னவள்.

மறுநாள் காலை ஹார்லன் ஏலக் கம்பெனிக்குப் போன் போட்டார். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். புத்தகம் அச்சாகிவிட்டால் காசைத் திரும்ப எடுக்க முடியாதாம். காசு அனுப்பியவரே ஏலம் கேட்பதற்கும் விதி இடம் தராதாம். நன்றி சொல்லி வைத்துவிட்டு ஸ்டானைக் கூப்பிட்டார்.

"ரோஸ்மான்ட் ஏலத்துக்குப் போறியா, ஸ்டான்?"

"போகாம? உன் துரு எவன் தலையில விழுதுன்னு பாக்க வேணாமா?"

"அதுல ஒரு காச எனக்காக எடு. எண்பத்தொண்ணு, சான் பிரான்சிஸ்கோ. ரேகை இருக்குன்னு போட்டிருக்கான்."

"உன் காச நீயே வாங்குறியா?"

"ஆமா."

"எவ்வளவு வரைக்கும் போகட்டும்?"

"கெடைக்கிற வரைக்கும்."

"ஏன்டா, அப்படி என்னடா இருக்கு அதுல?"

சொல்லியிருக்கலாம். அதில் ட்ராயின் விரல் இருக்கிறது என்று நாலு சொல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தப் பெயரை எடுக்க ஹார்லன் வாயைத் திறந்தார். போனில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நல்ல காசு" என்றார்.

"அப்பாடா!" என்று ஸ்டான் கத்தினார். "இப்பதான்டா உனக்கு உயிர் வந்திருக்கு. என் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், பழைய ஹார்லன் செத்தான்னு. எடுத்துடலாம், கவலைய விடு. எவன் குறுக்க வர்றான்னு பாத்துடலாம்."

ஏலம் ரோஸ்மான்ட் ஊரில், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் கூடத்தில் நடந்தது. ஹார்லன் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டான் முன்னால், இரண்டு நாற்காலிக்கும் சேர்த்து ஓர் ஆளாக உட்கார்ந்திருந்தார். ஹார்லனின் காசுகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. விளிம்பிலிருந்து விளிம்புவரை வானவில் ஏறிய ஒன்று நாலாயிரத்தைத் தாண்டியபோது கூடமே கைதட்டியது. பக்கத்தில் இருந்த ஆள், "யாரு வச்சிருந்தானோ, குடுத்து வச்சவன்" என்றான். ஹார்லனும் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள், அதனால் தட்டினார்.

அந்தக் காசு வந்ததும் ஸ்டான் ஏலம் கேட்கும் அட்டையைத் தூக்கினார். முந்நூற்றைம்பதில் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள, தோளில் சிவப்பு வார்ப்பட்டை போட்ட ஒருத்தன் மட்டும் விடவில்லை. நானூறு, ஐந்நூறு, அறுநூறு. ரேகை விழுந்த காசுக்கு இத்தனை அடிதடியா என்று ஏலக்காரனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஹார்லனின் கை தொப்பியை நசுக்கிக்கொண்டிருந்தது. எழுநூற்று இருபத்தைந்தில் சிவப்பு வார்ப்பட்டை தலையை ஆட்டி விலகினான். ஸ்டான் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

காசைக் கையில் கொடுப்பது மறுநாள்தான். ஹார்லனுக்குத் தொழிற்சாலை வேலை. "நான் வாங்கி வச்சிருக்கேன், அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கிறேன்" என்றார் ஸ்டான். "மார்லாவ பாத்தும் நாளாச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லா நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கூடத்து மேஜையில் துவைத்த விரிப்பு விரித்து, படுக்கையறையிலிருந்த விளக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். காலையிலிருந்து இரண்டு தடவை அந்த விளக்கைப் போட்டு அணைத்ததை ஹார்லன் பார்த்தார். தனக்கும் ஏதாவது தோன்றுகிறதா என்று யோசித்தார். தோன்றவில்லை. ஆனால் அவளுக்குத் தோன்றுகிறது, அது போதும் என்று இருந்தது.

ஸ்டான் பூட்ஸில் பனியோடு, கையில் பெக்கான் பருப்பு வைத்த கிரிங்கிள் கேக் டப்பாவோடு வந்தார். கோட்டைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"உக்காருங்க ரெண்டு பேரும். சும்மா குடுக்க மாட்டேன். மார்லா, லைட்ட போடு."

சட்டைப்பையிலிருந்து சின்ன உறையை எடுத்து மேஜையில் வைத்தார். மார்லா ஓரத்தைப் பிடித்துக் காசை எடுத்தாள். இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அதுகூடவா தெரியாது. முன்பக்கம் பிறை அப்படியே இருந்தது, மஞ்சளும் நீலமும் பச்சையுமாக.

"இப்ப திருப்பு" என்றார் ஸ்டான்.

திருப்பினாள்.

கழுகு பளபளவென்று இருந்தது. சிறகின் ஒவ்வொரு இறகும் எண்ணக்கூடிய வெள்ளையில் மின்னியது. மார்லா காசை விளக்குப் பக்கம் சாய்த்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"இது அதே காசா?" என்று கேட்டாள்.

"அதே காசுதான்! அதாம்மா விஷயமே!" ஸ்டான் தொடையில் தட்டிக்கொண்டார். "அந்த ரேகை இருக்கே, தரித்திரம், ஒரு நல்ல காசையே கெடுத்து வச்சிருந்துச்சு. எந்தத் தடியன் தொட்டானோ. மருந்துல மொத்தமா முக்குனா அஞ்சு நிமிஷ வேலை, ஆனா முன்பக்கம் இவனோட துருவும் சேந்து போயிடும். அதனால பல்குத்தும் குச்சியில பஞ்சு சுத்தி, மருந்த தொட்டுத் தொட்டு, பின்பக்கம் மட்டும். ஒரு சொட்டு விளிம்பு தாண்டல. மூணு சாயங்காலம் மூச்ச புடிச்சுக்கிட்டு செஞ்சேன். இப்ப ஏலத்துல விட்டா ரெண்டாயிரத்துக்குக் கண்ண மூடிக்கிட்டுப் போகும். ஆனா நீ விக்கக் கூடாது, ஹார்லன். இத வச்சு மறுபடி ஆரம்பிக்கணும். இது என் அன்பளிப்புடா. கூலி கேக்கல."

அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் மாதிரி இருந்தது. ஹார்லன் மார்லாவிடமிருந்து காசை வாங்கிப் பார்த்தார். தொழில் சுத்தம். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேலையை அவர் பார்த்ததில்லை. கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

"நல்ல வேலை, ஸ்டான்" என்றார்.

"ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க" என்றாள் மார்லா. "உக்காருங்க. காப்பி போட்டு எடுத்துட்டு வர்றேன்."

ஸ்டான் கிரிங்கிள் டப்பாவின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தார். ஹார்லன் காசை விரிப்பில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனார். சமையலறையில் குழாய் திறந்திருந்தது. காப்பிப் பாத்திரம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர்கிட்ட நீ சொல்லலையா?"

"இல்ல."

"ஏன்?"

"வாய் வரல."

அவள் குழாயை மூடினாள். "இப்பவும் சொல்லாத. பாவம். மூணு நாள் உக்காந்து செஞ்சிருக்காரு."

"சரி."

கூடத்திலிருந்து ஸ்டான் ஏதோ மெட்டை முணுமுணுப்பது கேட்டது. மார்லா தன் ஈரக் கைகளைப் பார்த்தாள்.

"எந்தக் கை, ஹார்லன்?"

"என்னது?"

"அன்னைக்கு. எந்தக் கை கட்டைவிரல்?"

"வலது."

"வலது கையில பிஸ்கட் வச்சிருந்தான். நான்தானே குடுத்தேன். இடதுதான்."

"வலதுதான். நான் அந்தக் கையத்தானே புடிச்சு இழுத்தேன்."

"நீ இழுத்ததும் பிஸ்கட்தான் கீழ விழுந்துச்சு. காசு விழல. நான் கூட்டிப் பெருக்குனேன், எனக்குத் தெரியும்."

ஹார்லன் யோசித்தார். வெல்வெட் துணி தெரிந்தது. தன் சத்தம் கேட்டது. பிஸ்கட் தெரியவில்லை. ஆனால் இதற்கு வாதம் எதற்கு? சுழி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் இடதா வலதா என்று தெரிந்துவிடப் போகிறது. லென்ஸ் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது.

"இரு, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று கூடத்துப் பக்கம் திரும்பினார்.

கதவு நிலை வரைக்கும் போனார். விளக்கடியில், வெள்ளை விரிப்பின் மேல் காசு மின்னிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

அப்போதுதான் வலித்தது. நெஞ்சில் இல்லை, வயிற்றில், சரியாக நிற்க முடியாதபடி. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் மார்லா எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ட்ராய்" என்றார் ஹார்லன். மறுபடியும் சொன்னார்.

கிரிங்கிளை வெட்டிக்கொண்டிருந்த ஸ்டான் நிமிர்ந்தார். கையில் கத்தியோடு முதலில் ஹார்லனைப் பார்த்தார், பிறகு அவர் கண் போன திசையில் மேஜையைப் பார்த்தார், காசைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கல்யாணக் களை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காசை எடுத்து, விளக்கடியில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தார்.